கடிக்கும்

நாய்க்கூண்டு கழுவுகிறவர்களுக்கு நாளடைவில் மூக்கு செத்துப்போகும் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஒருநாளும் கழுவியிருக்க மாட்டார்கள். மூக்கு சாகாது. எந்தக் கூண்டில் எதற்கு வயிறு கெட்டிருக்கிறது என்று வாசலில் நின்றே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தீட்டிக்கொண்டு நிற்கும். கூண்டுக்காரி அன்று காலை பிராணிகள் காப்பகத்தின் ஷட்டரைத் தூக்கியதும் வழக்கம்போல மோந்து பார்த்தாள். பினாயில், ஈரச் சாக்கு, பூனை அறையின் புளித்த நெடி. எல்லாம் நேற்றைய நாற்றம்தான். பிறகு ஷட்டர் முழுதாக மேலே போய் மோதிய சத்தத்துக்குக் கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. இரண்டே இரண்டு குரைப்பு. நடுவில் அளந்து விட்டதுபோல ஓர் இடைவெளி.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

அது அவள் மாமனாருடைய நாயின் குரைப்பு. மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக் கதவு அடைபடுகிற சத்தம் கேட்டால் போதும், அந்த நாய் இரண்டு முறை குரைக்கும். "ரைட் ரைட் சொல்றான் பாரு" என்று அதற்குக் கண்டக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார். பழுப்பு நிறம், நரைத்த மோவாய், மடிந்த ஒரு காது. கடைசிக் கூண்டில் சாக்கின்மேல் நின்றுகொண்டு, ஆட்டலாமா என்று கேட்டுவிட்டு ஆட்டுவதுபோல வாலை ஆட்டியது.

மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் தனியாக இருந்த வாடகை வீட்டை அவர் மகன், அதாவது அவள் புருஷன், காலி செய்துகொண்டிருந்தான். அங்கே இருந்த நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தான். நேற்று அவளுக்கு வார விடுமுறை. அந்த நாளாகப் பார்த்துக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த கையோடு கேட்டாள். "கண்டக்டர அங்க யாரு கொண்டாந்து விட்டது?"

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ஏற்றி இறக்குகிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடி. படியேறி வந்த களைப்பில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிதானமாகக் கழற்றினான்.

"நான்தான். வேற எங்க விடச் சொல்ற?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ அழுவ. உன் இடம்தானே, நீ பாத்துக்குவன்னு விட்டேன்."

"பாத்துக்கிறதுக்கா விட்டீங்க? எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. எழுதிக் குடுத்துட்டா அது நம்ம நாய் கிடையாது. நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் கயித்த கையில குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டுமே. அதுக்குத்தானே அந்த இடமே இருக்கு? ஊரான் வீட்டு நாய்க்கெல்லாம் வீடு தேடிக் குடுக்குற, நம்ம வீட்டு நாய்க்கு ஒண்ணு கிடைக்காதா?"

"மாமா என்ன சொல்வாரு?"

"அவரு நடக்கட்டும் முதல்ல. இந்தக் கட்டடத்துல நாய் கூடாதுன்னு கீழ போர்டே தொங்குது. அப்பாவ வச்சுப் பாக்கணுமா, நாய வச்சுப் பாக்கணுமா? நீயே சொல்லு."

அவன் கெட்டவன் இல்லை. ஒரு கஷ்டத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் அதை வேறொருவர் தலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஜாதி. உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான். காப்பகத்துக்கு நாயைக் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசி அவர்கள்தான். வீடு மாறுகிறோம் என்பார்கள். குழந்தை பிறந்திருக்கிறது என்பார்கள். குட்டிப் பூனைகளை அட்டைப்பெட்டியில் போட்டு, மூச்சு விட ஓட்டைகூடப் போட்டு, வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள். ஓட்டை போட்ட தைரியத்தில் நன்றாகத் தூங்கவும் செய்வார்கள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது கிழவர் முதலில் கஞ்சியைக் கேட்கவில்லை.

"அவன் எங்கம்மா இருக்கான்?"

"என்கிட்டதான் மாமா. காப்பகத்துல."

"கூண்டுலயா?"

"கூண்டுதான். ஆனா கடைசிக் கூண்டு, வெயில் வரும்."

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான். உங்களவிட நல்லா சாப்பிடுறான்."

கிழவர் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் கோணியது. "உன் புருஷன் வீட்டுல அவன விடமாட்டான், எனக்குத் தெரியும். நான் எங்கயாவது கீழ ஒரு ரூம் பாத்துக்கிறேன். ஒண்டிக்கட்டைக்கு எவ்வளவு இடம் வேணும்? அவனுக்கு வாசப்படி, எனக்கு ஒரு கட்டில்."

"நானே பாத்துட்டேன் மாமா. தையல் கடைக்குப் பின்னால ஒரு ரூம் காலியாவுது. நாய் இருந்தா நல்லதுதான், திருடன் வரமாட்டான்னு தையக்காரம்மா சொல்லுது. நீங்க எழுந்து நடங்க. அவன உங்க கையில புடிச்சுக் குடுக்கிறது என் பொறுப்பு."

"நீ சொன்னா சரி" என்றார் கிழவர். பிறகுதான் கஞ்சியைக் குடித்தார்.

சொல்லிவிட்டாளே தவிர, அது அவ்வளவு சுலபமில்லை. காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் எந்த நாயையும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது மேனேஜரம்மாவின் சட்டம். முன்பு ஆளாளுக்கு என் தங்கை கேட்டாள், என் மச்சான் கேட்டான் என்று நிறுத்திவைத்து, தங்கையும் மச்சானும் வராமல், கூண்டு மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. அதில் எரிச்சல்பட்டுப் போட்ட சட்டம். அதில் நியாயமும் இருந்தது.

ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அதில் எழுதுவது கூண்டுக்காரியின் வேலை. அவள் வருவதற்கு முன்னால் பலகைகள் ஜாதகம் மாதிரி இருக்கும், குறையே தெரியாது. உறுமுகிற நாய்க்குக் 'கூச்ச சுபாவம்' என்று எழுதுவார்கள். பாய்கிற நாய்க்கு 'சுறுசுறுப்பு'. அப்படிக் கூச்ச சுபாவமான ஒன்று போன வீட்டில் ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அதற்கப்புறம் அவள் சண்டை பிடித்துப் பலகையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். கடித்தால் 'கடிக்கும்'. கூட்டத்தில் சேராதென்றால் 'சேராது'. மேனேஜரம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற நாய்கள் குறைந்ததும் வாயை மூடிக்கொண்டாள். கூண்டுக்காரி எழுதினால் அது நாயே எழுதியது மாதிரி என்று தண்ணிக்காரர் சொல்வார். தண்ணிக்காரர் குழாய் பிடித்துக் கூண்டுக்குத் தண்ணீர் அடிக்கிறவர். வாயும் குழாய் மாதிரிதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. கூண்டுகள் நிறைந்து வாசலில் இன்னும் நாய் நின்றால், 'இடம் பண்ணுவார்கள்'. நாயைக் கொல்கிற ஊசி என்ற சொல்லை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யார் போவது என்பதற்கும் பலகைதான். ஆனால் இடம் பண்ணி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தச் சமயம் பாதிக் கூண்டு காலியாகக் கிடந்தது. அதனால் அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை.

கண்டக்டருக்கு ஆள் வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, ஒரு சின்ன மகள். சொந்த வீடு, சுற்றிலும் இடம். நாய்க்குட்டி வேண்டாம், வயதான நாய்தான் வேண்டும் என்று கேட்டு வந்த அபூர்வப் பிறவிகள். கண்டக்டர் அந்தச் சிறுமியின் செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

"இவன் ரொம்ப டயர்டா இருக்கான்பா" என்றாள் சிறுமி.

"நம்ம வீட்டுல வந்து ரெஸ்ட் எடுத்துக்கட்டும்" என்றார் கண்ணாடிக்காரர். சனிக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேறு எந்த நாயாக இருந்தாலும் கூண்டுக்காரி அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பாள். இப்படியொரு வீட்டுக்காக அவள் வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது வந்துவிட்டார்கள், அவளோ அவர்கள் திரும்பி வராமலிருக்க வேண்டிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஒரு மனுஷன் நடைபழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு அடி வைத்துக்கொண்டிருந்தார். எதற்காக வைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, கூண்டு கழுவி முடித்தபின், அவள் கடைசிப் பலகையைத் துடைத்தாள். 'சாது' என்று இருந்தது. அந்த இடத்தில் 'கடிக்கும்' என்று எழுதினாள்.

கண்ணாடிக்காரர் பலகையைப் பார்த்துத் திகைத்துப்போனார். "அன்னைக்கு இப்படி இல்லையேம்மா?"

"நேத்துதான் தெரிஞ்சுது சார். தட்டு வைக்கும்போது புடிச்சிடுச்சு" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். அது பூனை கீறிய காயம். மருந்து கொடுக்கும்போது ஒரு கடுவன் போட்ட கோடு.

சிறுமி நம்பவில்லை. கம்பிக்குள் விரலை விட்டாள். கண்டக்டர் நக்கியது. "பொய் சொல்றாங்கம்மா" என்றது அந்தப் பெண்.

"பெரியவங்கள அப்படிச் சொல்லக் கூடாது" என்று அம்மா அதட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

மேனேஜரம்மா மட்டும், "நல்ல பார்ட்டி போச்சே. நிஜமாவே கடிச்சுதா?" என்றாள்.

"நான் எப்பவாவது தப்பா எழுதியிருக்கேனா மேடம்?"

"இல்லதான்" என்று மேனேஜரம்மா போய்விட்டாள். கூண்டுக்காரிக்கு அன்று முழுவதும் தன்னையே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. ஒரு சொல்லில் வேலை முடிந்துவிட்டது. அந்தக் கூண்டுப் பக்கம் இனி ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். தண்ணிக்காரரிடம்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. அவர் வாயில் போட்டால் அது தெருவில் ஓடும்.

கிழவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். தையல் கடை அறை காலியாவதற்கு இன்னும் கொஞ்சநாள் இருந்தது, அதுவரை நாலாவது மாடிதான். மழை தூறிக்கொண்டிருந்தது. கிழவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புருஷன் முன்பக்கமும் எதிர்வீட்டுப் பெயின்டர் பின்பக்கமும் பிடிக்க, அவள் கீழ்ப்படியில் நின்று கிழவரின் முழங்காலைத் தாங்கினாள்.

"மெதுவா, மெதுவா. வளைவு வருது, ஹாரன் அடிங்கடா" என்றார் கிழவர்.

"பேசாம வாங்கப்பா, சிரிச்சா கைவிட்டுடுவேன்" என்றான் மகன்.

"லிஃப்ட் மெக்கானிக்கோட அப்பன், ஆள் தூக்கி மாடி ஏறுறேன். வெளிய சொல்லாதீங்க, பொழப்பு போயிடும்."

பெயின்டர் சிரித்து, நாற்காலி ஆடி, எல்லோரும் ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். சூடாகச் சோறு வடித்து, முட்டை பொரித்து, கிழவருக்குக் கட்டிலிலேயே தட்டு வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்துவைத்துவிட்டுக் கேட்டார்.

"கண்டக்டர் சாப்பிட்டிருப்பானா?"

"இந்நேரம் சாப்பிட்டிருப்பான் மாமா" என்றாள். அவள் அப்படித்தான் நம்பினாள்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது அது மேலே மோதியது. உள்ளே ஒரே கீச்சுக் குரல்கள். குட்டிகள். வெள்ளையும் பொன்னிறமுமாக, உருண்டையாக, கூண்டுக்குக் கூண்டு சாதிக்குட்டிகள். பால் நாற்றம், பூச்சி மருந்து நாற்றம். கடைசி வரிசையிலிருந்து ரைட் ரைட் வரவில்லை.

தண்ணிக்காரர் குழாயை மூடிவிட்டு வந்தார். "நேத்து வந்திருந்தீன்னா நீ செத்திருப்ப. குட்டி போடவச்சு விக்கிறவன் ஒருத்தன் இடத்த இழுத்து மூடிட்டாங்க. லாரி லாரியா வந்து இறங்குது. மேடத்துக்கு ஒரே குஷி. இதுங்களுக்கு நாளைக்கே வரிசைல நிப்பானுங்க. பேப்பர்ல போட்டோ வேற."

"கடைசிக் கூண்டு நாய் எங்கண்ணே?"

"இடம் பண்ணினோமே. நம்ம டாக்டர் லீவு, வேற ஒருத்தர் வந்தாரு. சின்னப் பையன், பாவம், ஒரு நாய் மூஞ்சியும் தெரியாது. பலகையப் பாத்தாரு. கடிக்கும்னு போட்டிருந்ததெல்லாம் முதல்ல."

அவள் முகத்தைப் பார்த்துத் தண்ணிக்காரரின் குரல் இறங்கியது.

"என்னம்மா? உன் கையெழுத்துதானே அது. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கம்பிகிட்ட வந்து வால ஆட்டிச்சு. மேடம்கூடக் கேட்டாங்க, இது கடிக்கிற மாதிரி தெரியலையேன்னு. நான்தான் சொன்னேன், அந்தம்மா எழுதினா தப்பா இருக்காதுன்னு."

"நீங்களா சொன்னீங்க?"

"உன்ன விட்டுக் குடுப்பேனா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குட்டிகளின் கூண்டுகளைக் கழுவினாள். கழுவாமல் என்ன செய்வது? குட்டிகள் அவள் துடைப்பத்தைக் கடித்து விளையாடின.

வீட்டில் புருஷனிடம் அடுக்களையில் வைத்துச் சொன்னாள். அவன் கொஞ்சநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. அப்பாகிட்ட, நல்ல வீட்டுக்குப் போயிடுச்சுன்னு சொல்லிடுவோம்."

"நல்ல வீட்டுக்குத்தான் போயிருக்கும். நான்தான் போகவிடல."

"அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளர்ற? நான் சொல்றேன், நீ வாயத் திறக்காத."

அவன் சொன்னான். அவள் வாயடைத்துப்போகும்படி சொன்னான். கண்ணாடிக்கடை, சொந்த வீடு, சுற்றிலும் இடம், சின்னப் பெண், எல்லாவற்றையும் அவளிடமிருந்து கேட்டதை வைத்தே கட்டி எழுப்பினான். நாய்க்கு மெத்தைகூடப் போட்டான். கிழவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியது. ஆனால் அவர் அழவில்லை.

"என்னக் கேக்காம குடுத்துட்டாங்களா?"

"சட்டம் அப்படிப்பா. அவ என்ன செய்வா?"

"அந்தப் பொண்ணு அவன் காதப் புடிச்சு இழுக்காதுல்ல? மடிஞ்ச காது வலிக்கும் அவனுக்கு."

"ச்சே ச்சே. தங்கமான பொண்ணு."

"சரி. நான் ஒரு தடவை பேசணும். போன் போட்டு அவன் காதுல வைக்கச் சொல்லு. ஒரு ரைட் ரைட் சொல்லிட்டா போதும், விட்டுடறேன்."

புருஷன் அவளைப் பார்த்தான். நாளைக்கு, அவங்க ஊர்ல இல்ல, நம்பர் காப்பகத்துல இருக்கு என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்துப்போட ஆரம்பித்தான். அவளுக்குத் தெரிந்தது: இது நாளையோடு முடியாது. அந்த மெத்தைமேல் தினம் ஒரு நாயைப் படுக்கவைத்து எழுப்பவேண்டியிருக்கும். அவன் அதைச் செய்வான், அலுக்காமல் செய்வான்.

"அவன் செத்துட்டான் மாமா" என்றாள்.

"ஏய்" என்றான் புருஷன்.

"ஊசி போட்டுட்டாங்க. நேத்து உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோமே, அப்ப. நான் அங்க இல்ல."

கிழவர் மகனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். "அவனுக்கு நோவு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. பலகையில கடிக்கும்னு இருந்துச்சு. அதனால."

"எந்தப் படுபாவி எழுதினான்?"

"நான்தான். வேற யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு எழுதினேன். உங்களுக்காக."

வெளியே பெயின்டர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. புருஷன் எழுந்து அடுக்களைக்குப் போனான். குழாய் திறந்தது.

"கடிக்கும்னா?" என்றார் கிழவர். "தொண்டையில எலும்பு சிக்கினப்ப முழங்கை வரைக்கும் உள்ள விட்டு எடுத்திருக்கேன். பல்லு படாம வாயத் திறந்துக்கிட்டு நின்னான். அவனையா கடிக்கும்னு எழுதின?"

"மாமா..."

"செத்தான், சரி. எல்லாரும் சாகத்தான் போறோம். கடிக்கிற நாயின்னு பேரெடுத்துல்ல போயிருக்கான்."

அவள் நழுவிய போர்வையை இழுத்து அவர் காலில் போட்டாள்.

"தலைய மடியில வச்சுக்கிட்டுத்தான் ஊசி போடுவோம்னு சொல்லுவியே. யாரு வச்சுக்கிட்டா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருமுறை நிஜத்தை எடுத்தபின் பாதியை மறைத்துவைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. "அது சாதுவான நாய்க்கு மாமா. கடிக்கிறதுன்னா கிட்ட போக மாட்டாங்க. சுருக்குக் கம்பு போட்டுக் கழுத்த கம்பியோட சேத்து இழுத்து, வாயக் கட்டிட்டுப் போடுவாங்க."

"ஒருத்தரும் கை வச்சுத் தொடல."

"இல்ல."

கிழவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு இடதுகையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி எம்பிப் பார்த்தார். சட்டத்தைப் பிடித்து நிற்க முடிகிறவருக்கு, படுத்தபடி இடுப்பு அசையவில்லை. மறுபடி எம்பினார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"என்ன மாமா வேணும்?"

கேட்க அவருக்கு விருப்பமில்லை, வேறு ஆளும் இல்லை.

"என்னச் சுவத்துப் பக்கம் திருப்பி விடு" என்றார். "உன்னப் பாத்துக்கிட்டு என்னால படுத்திருக்க முடியல."

அவள் ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் ஒரு கையைத் தொடைக்கடியிலும் கொடுத்தாள். மற்ற நேரங்களில் அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார். இப்போது இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டார். முழுப்பாரமும் அவள்மேல் விழுந்தது. வலிக்காமல், மெதுவாக, அவரைத் தன்னிடமிருந்து திருப்பிப் படுக்கவைத்தாள்.